ஆல்வினின் டம்ளரில் ஊற்றியது

புதினாவை எல்லோரும் போட்டு நசுக்கிவிடுகிறார்கள். அது தப்பு. நசுக்கினால் இலையிலிருக்கிற கசப்பு முழுக்க இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் நாக்கின் அடியில் போய் நிற்கும். கொத்தை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். வாசனை தானாக எழுந்து வரும்.

நீங்கள் இதைக் கேட்க வரவில்லை என்று எனக்குத் தெரியும், தம்பி. ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காப்பியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் அம்மா என்றீர்கள். டெர்பி குதிரைப் பந்தயத்தன்று சாயங்காலம் கிளெம் பாலார்டுக்கு நான் போன் செய்தேனா இல்லையா. பதில் சொல்கிறேன். ஆனால் ஜூலெப் என்கிற புதினா விஸ்கியை எப்படிச் செய்வது என்று தெரியாமல் பதிலை மட்டும் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. உங்கள் வயதுக்காரர்கள் டெர்பிக்குக்கூடப் பீர்தான் குடிக்கிறீர்கள்.

முந்தின நாளே சர்க்கரைப் பாகு காய்ச்சி, அதில் புதினாத் தண்டைப் போட்டு மூடி வைக்க வேண்டும். புதினாவுக்கு நாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. இதோ, இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். சரிவின் அடியில் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே ஊற்று வருகிறது. அதன் கரையெல்லாம் புதினாதான், யாரும் நட்டதில்லை. வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுவேன். ஐஸைக் கான்வாஸ் பையில் போட்டு மரச் சுத்தியலால் அடிக்க வேண்டும். கட்டியாகவும் இருக்கக் கூடாது, மாவாகவும் ஆகிவிடக் கூடாது. கல்லுப்புப் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதை வெள்ளி டம்ளரில் விளிம்புக்கு மேலே குவியும்படி அள்ளிப் போட்டு, பாகை விட்டு, பர்பன் விஸ்கியை மெதுவாக இறக்கி, நீளக் கரண்டியால் ஒரு கலக்கு. பிறகு டம்ளரைத் தொடாமல் காத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் மங்கும். மங்கி, வெளுத்து, பனி பூத்துவிடும். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மே மாதத்து வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழும்போது டம்ளர்கள் வரிசையாக வெள்ளை வெளேரென்று நிற்கும். நான் அழகு என்று சொல்லக்கூடியதாக என் கையால் செய்தது அது ஒன்றுதான்.

அதை உள்ளங்கையால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பனி கரைந்து விரல் தடம் விழுந்துவிடும். விளிம்பில் ரெண்டு விரல், அடியில் ரெண்டு விரல், அவ்வளவுதான். உறிஞ்சுகுழாயைக் குட்டையாக வெட்டி வைப்போம். குடிக்கக் குனிந்தால் மூக்கு நேராகப் புதினாவுக்குள் போக வேண்டும். குடிக்கிறவருக்கும் சரி, பக்கத்தில் நிற்கிறவருக்கும் சரி, புதினாவைத் தவிர வேறு வாசனை தெரியாது.

இந்த வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. என் மாமனார் ஏற்படுத்தியது. ஓட்டத்துக்கு முன்னால் டெலிவிஷனில் மாநிலப் பாட்டு வரும்போது எல்லோரும் எழுந்து நின்று முதல் வாய் குடிக்க வேண்டும். அதிலிருந்து குதிரைகள் ஓடி முடிக்கிற வரைக்கும் டம்ளரைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தவருடைய குதிரை தோற்றுவிடும் என்று ஒரு பேச்சு. என் கணவர் ஆல்வினின் தங்கை புருஷன் வெர்னன் ஒரு வருஷம் தும்மல் வந்து டம்ளரை வைத்துவிட்டார். இன்றைக்கும் இந்த வீட்டில் யார் தும்மினாலும், "வெர்னன், உன் குதிரை விழுந்துருச்சு பாரு" என்பார்கள்.

ஆல்வின் விஸ்கி ஆலையில் கிடங்கு ஆளாக இருந்தார். பீப்பாய்களை உருட்டி அடுக்கி, அவை முதிர்கிற வரைக்கும் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே எல்லோரும் குடிப்பார்கள். இவருக்கு நிறுத்தத் தெரியாது. கல்யாணமான வருஷத்திலிருந்து இவரைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலையாக இருந்தது. கார் ஷெட்டில் கிடப்பார், தொழுவத்தில் கிடப்பார், ஒரு தடவை மாதா கோயில் படிக்கட்டில் கிடந்தார். எங்கே விழுந்தாலும் அங்கிருந்தபடியே கூப்பிடுவார். "பெர்னி" என்று. அதட்டலாக இருக்காது. தூக்கத்தில் பயந்த குழந்தை கூப்பிடுமே, அந்தக் குரல். கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன். பூட்ஸைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, புரளாமல் இருக்க முதுகுக்குத் தலையணை கொடுப்பேன். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுப்பார்களே, அதெல்லாம் நான் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

பெர்னடின் மட்டும் இல்லாவிட்டால் ஆல்வின் ஹேகன் எப்போதோ செத்திருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் அம்மாவும் பிடித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே மகள், ஜோ எல்லன். கல்யாணமாகி லெக்சிங்டன் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். "நீ எப்பிடிம்மா சமாளிக்கிற?" என்பாள். ஏதோ சமாளிக்கிறேன் என்பேன். நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அதைக் குறையாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆல்வின் குடியை விட்டது ஜோ எல்லனுக்கு மகள் பிறந்தபோது. கோரா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். ஆல்வின் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். ஜோ எல்லன் குழந்தையை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் இவர் கோயிலின் கீழ்த்தளத்தில், குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கிடைத்தவர்தான் கிளெம் பாலார்டு. புகையிலை பயிரிடுகிறவர், அவரும் ஒரு காலத்தில் கிடந்து எழுந்தவர். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கை நடுங்கினால், தாகம் வந்தால், பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் போனைத் தொட வேண்டும். கிளெம் எந்த நேரமானாலும் எடுப்பார், எடுத்தவுடன் கிளம்பி வந்துவிடுவார். முதல் வருஷம் பலநாள் வந்திருக்கிறார். இந்த மேஜையில் ரெண்டு பேரும் காப்பியைக் குடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். நான் காப்பி போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

அந்த வருஷம் டெர்பி வந்தபோது வெள்ளி டம்ளர்களை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று தயங்கினேன். ஆல்வின்தான் எடுக்கச் சொன்னார். "என்னால மத்தவங்க ஏன் வாயைக் கட்டணும்? எனக்கும் ஒண்ணு குடு பெர்னி. உள்ள டீயை ஊத்திக் குடு. கையில ஒரு டம்ளர் இருந்தா என்னைப் பாத்து யாரும் கூசமாட்டாங்க" என்றார்.

அப்படியே செய்தேன். ஆறின டீ, அதே பாகு, அதே ஐஸ், அதே புதினா. டீயும் பர்பனும் நிறத்தில் ஒன்றுதான். பனி பூத்துவிட்டால் எதில் எது என்று ஊற்றியவளுக்குத்தான் தெரியும். அதனால் அவருடையதைக் கடைசியில் செய்து, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாளும் முகர்ந்து பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. நான் நீட்டினால் வாங்கிக்கொள்வார்.

அதற்குப் பிறகு வந்ததை நல்ல வருஷங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். வேலியைச் சரிசெய்தார், தோட்டம் போட்டார், கன்னத்தில் சதை வைத்தது. சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பூட்ஸை அவரே கழற்றினார். போன் அடிக்கும். யாரோ ஒருவன் எங்கேயோ விழுந்து கிடப்பான். ஆல்வின் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுப்பார். நான் மூடி வைத்த ரெண்டு தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். கோயிலில் பெண்கள் என் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டார்கள். பிடிக்க ஒரு காரணம் வேண்டுமே. ஆல்வினிடம் போய், "உங்களால எங்க வீட்டுக்காரரு இப்ப குடியைத் தொடறதில்ல" என்று கண்கலங்கச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் நான்தான் எடுப்பேன். "அம்மா, நல்லா இருக்கியா? அப்பா இருக்காரா, குடேன்" என்பாள் ஜோ எல்லன். அப்புறம் அப்பாவும் மகளும் சிரிப்பதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரே சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்திருக்கிறேன். பேசி முடித்துத் திரும்பிய ஆல்வின் அதைக் கவனித்துவிட்டு, "என்ன பெர்னி, பட்டன் போயிருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த வருஷம் ஜோ எல்லன் ஒன்று சொன்னாள். கோராவுக்கு ஐந்து வயதாகிவிட்டது. டெர்பிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அப்படியே கோடை முழுக்க எங்களோடு விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். "அப்பா பாத்துக்குவாரு" என்றாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அப்பா என்று ஆகிவிட்டது. ஆல்வின் சின்ன அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார். வாசலில் நிற்கிற மேப்பிள் மரத்தில் ஊஞ்சல் கட்டி, தாங்குமா என்று தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஜோ எல்லன் சலுகை கொடுத்தாலும் கறாரானவள். அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்: "ஒரே ஒரு தடவைன்னாலும் சரிப்பா, அதுக்கப்புறம் அவளை நீங்க பாக்க முடியாது. அழுது கேட்டாலும் கூட்டிட்டு வரமாட்டேன்." அவர் தலையை ஆட்டினார். நான் அப்போது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்குச் சாக்லேட் உருண்டை செய்தேன். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், உள்ளே பர்பனில் ஊறிய கொட்டைப்பருப்பு இருக்கும். ஆல்வினுக்கு ஊறவைக்காத பருப்பில் தனியாகச் செய்து வேறு தட்டில் வைப்பேன். இந்தத் தடவை தட்டு மாறிவிட்டது. கடித்தவர் அப்படியே கைக்குட்டையில் துப்பிவிட்டு, போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "பெர்னி, தட்டு மாறிப்போச்சு போல" என்றார். ஐயோ, மறந்தே போய்விட்டேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பரவால்ல விடு. வயசாகுதுல்ல நமக்கு" என்றார். பிறகு கிளெமுக்குப் போன் செய்து, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஜோ எல்லனிடம் அதைச் சொல்லவில்லை.

நான் மறக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவர் கொஞ்சம் தடுமாறினால் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

டெர்பி அன்று நல்ல வெயில். வெர்னனும் அவர் மனைவியும் வந்தார்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள், ஜோ எல்லன் கோராவின் பெட்டியோடு வந்தாள். பெண்கள் எல்லோரும் பெரிய தொப்பி போட்டிருந்தார்கள். கோரா என் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு கண் தெரியாமல் நாற்காலிகளில் மோதிக்கொண்டு திரிந்தாள். பெரிய பானையில் இறைச்சியும் சோளமும் போட்ட குழம்பு கொதித்தது. உப்புப் பன்றித்தொடையை மெல்லிசாகச் சீவி பிஸ்கட் என்கிற குட்டி ரொட்டிக்குள் வைத்திருந்தேன். குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். கோரா தாத்தாவுக்கு எடுத்துக் கொடுத்தது சாம்பல் நிறக் குதிரை. அது ஜெயிக்காது என்று வெர்னன் சொல்ல, "உங்கது தும்மிடும்" என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் சமையலறையில் தனியாக டம்ளர்களைச் செய்துகொண்டிருந்தேன். யாராவது ஒருவர் வந்து உதவட்டுமா என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஆல்வினுடையதைக் கடைசியில் எடுத்தேன். டீ ஜாடி வலது பக்கம் இருந்தது, பாட்டில் இடது பக்கம். என் கை இடது பக்கம் போனது. யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மற்றவர்களுக்கு விட்டதைவிட அவருக்குக் கொஞ்சம் கூடவே விட்டேன். புதினாவும் கூடவே செருகினேன். யோசிக்காதவள் புதினாவைக் கூட வைக்கமாட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஆல்வின் ஜோ எல்லனுக்குப் பக்கத்தில் நின்றார். டம்ளரை விளிம்பிலும் அடியிலுமாகப் பக்குவமாகப் பிடித்துக் குனிந்து உறிஞ்சினார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம் அசையவில்லை. புதினாவுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

துப்பினால் மகள் மேலே தெறிக்கும். டம்ளரைக் கீழே வைத்தால் வெர்னன் கத்துவார், வீடே திரும்பும், ஜோ எல்லன் கையில் எடுத்துப் பார்ப்பாள். அவருக்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ஐயோ, டம்ளரை மாத்திக் குடுத்துட்டேனே என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரு வாய்தான் உள்ளே போயிருந்தது. ஜோ எல்லன் நம்பியிருப்பாள். நான் டெலிவிஷன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெர்னன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன மச்சான், குதிரையைப் பாக்காம பொண்டாட்டியையே பாக்குற? அவ எந்தக் காலத்துல ஜெயிச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆல்வினும் சிரித்தார். சிரித்துவிட்டு, மறுபடியும் குனிந்து குடித்தார்.

பாட்டு முடிந்து குதிரைகள் வந்து நிற்கவே நேரமாகும். ஓட்டம் என்னவோ ரெண்டு நிமிஷம். முடிந்தபோது அவர் டம்ளரில் ஐஸ் மட்டும் இருந்தது. உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். பனி கரைந்து அஞ்சு விரலும் பதிந்திருந்தது. கூட்டத்தைக் கடந்து என்னிடம் வந்து டம்ளரை நீட்டினார். "இன்னொண்ணு குடு பெர்னி" என்றார். எத்தனையோ வருஷம் கழித்து என்னிடம் ஒன்று கேட்கிறார். கொடுத்தேன். அதற்கப்புறம் அவரே ஊற்றிக்கொண்டார்.

கண்டுபிடித்தது குழந்தைதான். மடியில் ஏறி உட்கார்ந்தவள், "தாத்தா, உங்க மேல வேற மாதிரி வாசனை வருது" என்றாள். ஜோ எல்லன் வந்து டம்ளரை வாங்கினாள். புதினாவை விலக்கிவிட்டு முகர்ந்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தாள். "டம்ளர் மாறிடுச்சாம்மா? நீ மாத்திக் குடுத்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற குரல்.

ஆல்வின் கொஞ்சம் பொறுத்தார். நான் பேசவில்லை. அவரே சொன்னார்: "மாறலம்மா. நானாத்தான் ஊத்திக்கிட்டேன். உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடி வேண்டாம் என்கிற மனிதன் முதல் வாயோடு நிறுத்தியிருப்பான். அவருக்கு வேண்டியிருந்தது, குடித்தார்.

ஜோ எல்லன் கத்தவில்லை. இன்னும் திறக்காத பெட்டியை எடுத்துக் காரில் வைத்தாள். கோரா ஊஞ்சலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஜோ எல்லன் விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஆல்வின் படியில் நின்றார், கிட்டே போகவில்லை. ஜோ எல்லன் திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ எப்பிடிம்மா சமாளிப்ப?" என்று அழுதாள். அவள் தலையைத் தடவி, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீடு அடங்கியது. ஆல்வின் சமையலறைக்கு வந்து, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். ரெண்டு கையையும் மேஜைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார் என்று நினைத்து ஒரு பதில் வைத்திருந்தேன்.

"பெர்னி, கிளெமுக்கு ஒரு போன் போடு. என்னால நம்பர் சுத்த முடியல" என்றார்.

போன் நடையில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து பேசினால் சமையலறையில் கேட்கும். ரிசீவரை எடுத்தேன். எண்களைச் சுற்றினேன். கடைசி எண்ணை மட்டும் சுற்றவில்லை. மணி அடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு ரிசீவரை வைத்துவிட்டு வந்தேன். எடுக்கவில்லை, லூயிவிலுக்கு டெர்பி பார்க்கப் போயிருப்பார் என்றேன்.

"இன்னைக்கு எங்கயும் போகமாட்டேன்னு சொன்னானே" என்றார் ஆல்வின்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. நீ இருக்க" என்றார். நன்றியோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடக்கத்தன்று கிளெம் என்னிடம் வந்தார். டெர்பி நாள் எங்கள் ஆட்களுக்கு ரொம்ப மோசமான நாள், அதனால் காலையிலிருந்து போன் பக்கத்திலேயே இருந்தேன், அடிக்கவே இல்லையே பெர்னடின் என்றார். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்வது உண்மை. நான் போன் செய்யவில்லை. நீங்கள் கேட்க வந்தது இதோடு முடிந்துவிட்டது. இதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

நான் போனை வைத்துவிட்டு வந்த பிறகு ஆல்வின் முகம் கழுவணும் என்றார். நான் துண்டை நனைத்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அன்று என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, ஊற்றுக்குப் போகிறேன் என்று எழுந்தார். பூட்ஸை மாட்ட முடியாமல் அப்படியே போனார். சரிவில் வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. நான் இந்த ஜன்னலில் நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளியை ஈரத்தோடு விட்டால் கறை விழும்.

கரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். ரெண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை அள்ளக் குனிந்தவர் அப்படியே முன்னால் சரிந்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அங்கே தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் புரட்டி ஒருக்களித்துப் போட்டால் போதும். அவரை நான் எத்தனை தடவை புரட்டியிருக்கிறேன். என்னால் முடியாத காரியம் இல்லை.

கதவைத் திறந்து வைத்தேன், அவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்கட்டும் என்று. துண்டும் கையுமாக வாசல்படியில் நின்றேன். அவர் தலையைத் தூக்கிக் கூப்பிட்டார். அந்தப் பழைய குரல்தான், நான் மறக்கவில்லை. "ஜோ எல்லன்" என்று கூப்பிட்டார். தலை தாழ்ந்தது. மறுபடியும் தூக்கி மறுபடியும் அதே பெயரைச் சொன்னார். இந்தத் தடவை பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் கார் அதற்குள் நெடுஞ்சாலைக்குப் போயிருக்கும். மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. உள்ளே போய் மிச்சமிருந்த டம்ளர்களைத் துடைத்து அலமாரியில் அடுக்கினேன். இருட்டிய பிறகு இறங்கிப் போய், கண்டெடுத்ததாக உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். அதில் கடைசி எண் வரைக்கும் சுற்றினேன்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊற்றியது நான். பேசாமல் இருந்தது நான். பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். ஆனால் இதையும் கூடச் சேர்த்து எழுதுங்கள், தம்பி. "பெர்னி" என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். என்னைக் கூப்பிட்டு நான் வராமல் இருந்தது உண்டா என்று இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.